ஜெர்மனியில் முதல் டிசம்பரா? நண்பர்கள் வீட்டுக்குப் போய்வர ஒரு வழிகாட்டி

நான் ஆகன் நகருக்குப் படிக்க வந்த முதல் வருடம், டிசம்பர் 25 காலையில் என் சமையலறையில் இருந்தது அரைப் பை அரிசி, இரண்டு வெங்காயம், டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் தயிர். விடுதித் தாழ்வாரத்தில் ஆள் அரவம் இல்லை. தெருவில் இறங்கிப் பார்த்தால் ஒரு கடை கூடத் திறந்திருக்கவில்லை. கடைசியில் ரயில் ஏறி, ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் கொலோன் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாலும் ரொட்டியும் வாங்கி வந்தேன்.

அன்றைக்கு எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் பாரிஸ், டெல்ஃப்ட், டொரொன்டோ என்று எல்லா ஊரிலிருந்தும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. பாரிஸ் நண்பன் வீடு எனக்கு மூன்று மணி நேரப் பயணம்தான். போவதாகத்தான் இருந்தேன், டிக்கெட்டும் எடுத்திருந்தேன். தாள் சரியாக இல்லாததால் போக முடியவில்லை.

ஜனவரியில் எல்லோரும் வீடியோ காலில் கூடியபோதுதான் தெரிந்தது, படம் போட்ட ஒவ்வொருவருக்கும் ஏதோ ஓர் இடத்தில் அடி விழுந்திருக்கிறது என்று. அந்த வருடத்திலிருந்து எங்கே போனோம் என்பதற்கு முன்னால் எங்கே மாட்டினோம், எவ்வளவு கை கடித்தது என்பதைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். அப்படிச் சேர்ந்த சேதிகளை வைத்து இதை எழுதுகிறேன். ஜெர்மனிக்குப் புதிதாக வந்த மாணவர்களுக்காக எழுதினாலும், வேலைக்கு வந்தவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. அக்டோபரிலேயே விசாவின் கடைசித் தேதியைப் பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும் கடைசி நேரத்தில் கூடச் சரிசெய்துவிடலாம். இதை முடியாது.

நீங்கள் ஊரிலிருந்து வரும்போது பாஸ்போர்ட்டில் ஒட்டித் தந்தது தேசிய விசா, அதாவது டி விசா. அது செல்லுபடியாகும் வரை ஷெங்கன் நாடுகள் எதற்கும், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கு, போய்வரலாம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரை அங்கே தங்கலாம். ஜெர்மனியில் தரும் ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டைக்கும் இதே கணக்குதான். சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. செப்டம்பரில் வந்த பலருக்கு டிசம்பர், ஜனவரி வாக்கில் விசா முடியும். வெளிநாட்டவர் அலுவலகம் அப்பாயின்ட்மென்ட் தருவது பிப்ரவரியிலோ மார்ச்சிலோ இருக்கும். அதற்குப் பிறகு அட்டை பெர்லினில் அச்சாகி வரச் சில வாரங்கள் ஆகும். முதல் அட்டைக்குக் கட்டணம் 100 யூரோ.

விசா முடிவதற்கு ஒரு நாள் முன்னாலாவது புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால் நீங்கள் ஜெர்மனியில் இருப்பது சட்டப்படி சரிதான். ஆனால் எல்லை தாண்டிப் போகவும் திரும்பி வரவும் கையில் சான்று வேண்டும். நான் தவறியது இங்கேதான். ஆன்லைனில் விண்ணப்பித்ததும் ஒரு மின்னஞ்சல் வந்தது, 'விண்ணப்பம் கிடைத்தது' என்று. அது போதும் என்று நினைத்து, ரத்து செய்ய முடியாத பாரிஸ் டிக்கெட்டை எடுத்துவிட்டேன். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் சீனியர் ஒருவர் கேட்டார்: "தம்பி, பச்சைத் தாள் வாங்கிட்டியா?" அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. டிக்கெட் காசு முழுதும் போனது.

அந்தப் பச்சைத் தாளின் பெயர் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங். நம் பையன்கள் சுருக்கமாக 'ஃபிக்‌ஷன்' என்பார்கள். விண்ணப்பத்துக்கு முடிவு வரும் வரை தரும் தற்காலிகச் சான்று அது. மடித்துத் தரும் தாள், கட்டணம் 13 யூரோ. வாங்கியதும் அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே மூன்றாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில் குறி இருந்தால், அதாவது வசிப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவின் கீழ் தந்திருந்தால், காலாவதியான விசா ஒட்டிய பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டி ஜெர்மனிக்குத் திரும்பலாம். முதல் இரண்டு கட்டங்களில் குறி இருந்தால் வெளியே போகாதீர்கள், திரும்பி வரப் புது விசா கேட்பார்கள். நேரத்தில் விண்ணப்பித்த மாணவருக்குப் பெரும்பாலும் மூன்றாவதுதான் வரும். ஆனாலும் தாளை எழுதிய அலுவலர் தவறான கட்டத்தில் குறி போட்டிருந்தால் அங்கேயே சொல்லித் திருத்த வேண்டும். பிறகு அதற்கென்று இன்னொரு அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது.

ஆக, விசா ஜனவரி 10-க்கு முன் முடிகிறதென்றால் அக்டோபரிலேயே விண்ணப்பம் போடுங்கள். நவம்பர் நடுவில் பச்சைத் தாளைக் கேட்டு எழுதுங்கள். தாள் கைக்கு வரும் வரை ரத்து செய்ய முடியாத டிக்கெட் எதையும் தொடாதீர்கள்.

2. நண்பர் இருக்கும் நாடு ஷெங்கனுக்கு உள்ளேயா, வெளியேயா?

நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா, செக், போலந்து எல்லாம் உள்ளே. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையென்றாலும் ஷெங்கனில் உண்டு. குரோவேஷியா 2023-இல் சேர்ந்தது. ருமேனியா, பல்கேரியா 2025 ஜனவரி 1 முதல் முழுதாக உள்ளே வந்துவிட்டன.

லண்டன், டப்ளின் இரண்டும் வெளியே. இரண்டுக்கும் தனித்தனி விசா. ஜெர்மனியின் அட்டை கையில் இருக்கிறதே என்று அங்கே போய் நிற்க முடியாது. பிரிட்டனின் விசிட்டர் விசாவுக்கு நூறு பவுண்டுக்கு மேல் ஆகும், முடிவு வரப் பொதுவாக மூன்று வாரம். அந்த நாட்களில் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்குமா என்பதைப் பலர் யோசிப்பதில்லை, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் விண்ணப்பித்து, பாஸ்போர்ட்டும் அங்கே தங்கிவிட்டால் லண்டனும் போக முடியாமல், பாஸ்போர்ட் இல்லாமல் பக்கத்து நாட்டுக்கும் போக முடியாமல் அறையில் உட்கார வேண்டியதுதான். முதல் வருடம் லண்டன் நண்பரை வசந்த காலத்துக்குத் தள்ளிவையுங்கள் என்பேன்.

இன்னொன்று. ஷெங்கனுக்குள் எல்லையில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பது பழைய கதை. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்தது. ப்ரஸ்ஸல்ஸிலிருந்து திரும்பும்போது லியேஜ் தாண்டியதும் நான் பையிலிருந்து பாஸ்போர்ட்டையும் அட்டையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். ஒரு முறை என்னோடு வந்த தோழி பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிடுவோமோ என்ற பயத்தில் அறையிலேயே வைத்துவிட்டு, போனில் படம் மட்டும் வைத்திருந்தாள். ஆகனில் போலீஸ்காரர் இருவர் ஏறினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் அவளை இறக்கிவிட்டார்கள். நானும் கூட இறங்கினேன். நடைமேடைக் குளிரிலும் ஓர் அறையிலுமாக ஒன்றரை மணி நேரம் போனது. பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சரிபார்த்த பிறகு விட்டார்கள். படம் ஆவணம் ஆகாது. அசல் பாஸ்போர்ட், அசல் அட்டை, இரண்டும் உடம்போடு இருக்க வேண்டும். பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று ஒரு பிரதி கூட இருந்தால் நல்லது.

3. காப்பீட்டு அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

அரசு முறைக் காப்பீட்டில் இருக்கும் மாணவர்களின் அட்டைக்குப் பின்பக்கத்திலேயே ஐரோப்பிய மருத்துவ அட்டை அச்சாகியிருக்கும். பிரான்ஸிலோ நெதர்லாந்திலோ திடீரென்று உடம்புக்கு வந்தால் அது உதவும். நம்மவர்களுக்கு அதிகம் தெரியாத ஒன்று இதில் உண்டு: ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்த அட்டை டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன், சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களில் செல்லாது. பனியில் விளையாட எல்லோரும் கிளம்புவது சுவிட்சர்லாந்துக்குத்தான்!

தனியார் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு, 30 வயதைக் கடந்து வந்த மாணவர்கள் பலர் இதில்தான் வருவார்கள், பின்பக்கம் வெறுமையாக இருக்கும். உங்கள் ஒப்பந்தம் எந்த நாடுகள் வரை என்று படித்துப் பாருங்கள்.

வருடத்துக்குப் பத்து இருபது யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது. எடுத்துவிடுங்கள். பனிச்சறுக்குப் போவதாக இருந்தால் மலையிலிருந்து தூக்கிவரும் செலவும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். வெளிநாட்டு மலையில் ஆகும் ஹெலிகாப்டர் செலவை அரசு முறைக் காப்பீடு பொதுவாக ஏற்காது.

4. ரயில் டிக்கெட்டுக்கு செப்டம்பர், அக்டோபர்தான் காலம்

மாதச் செலவுக்கு 992 யூரோ என்று வங்கிக் கணக்கில் முடக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறோம். அதில் பயணத்துக்கு எவ்வளவு எடுக்க முடியும் என்பது நமக்கே தெரியும். விலை தேதியைப் பொறுத்துத்தான் ஏறுகிறது. டிசம்பர் 20 முதல் 23 வரையும், 27 முதல் ஜனவரி 4 வரையும் எல்லோரும் நகரும் நாட்கள். செப்டம்பரில் 45 யூரோவுக்கு நான் எடுத்த ஆகன்–பாரிஸ் ஒருவழி டிக்கெட்டை, டிசம்பர் இரண்டாம் வாரம் எடுத்த நண்பன் 120 கொடுத்தான். அதே ரயில், பக்கத்து இருக்கை.

பல்கலைக்கழகக் கட்டணத்தோடு வரும் உங்கள் செமஸ்டர் டிக்கெட் பெரும்பாலும் ஜெர்மனி முழுதும் செல்லும் டாய்ச்லாண்ட்டிக்கெட் வகையாக இருக்கும். வட்டார ரயில், பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் போகலாம். ஐசிஇ, ஐசி ஆகிய விரைவு ரயில்களில் ஏறக்கூடாது. மாற்றி மாற்றி ஏறும் பொறுமை இருந்தால் ஜெர்மனிக்குள் எந்த நண்பர் வீட்டுக்கும் செலவே இல்லாமல் போய்ச் சேரலாம். ஆஸ்திரியாவின் ஸால்ஸ்புர்க் நிலையம் வரை கூட இந்த டிக்கெட் செல்லும். ஆகனிலிருந்து மூனிக்குக்கு இப்படி ஒரு தடவை போனேன், ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது. தயிர்சாதமும் படிக்கப் புத்தகமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விரைவு ரயில் என்றால் ஷ்பார்ப்ரைஸ், சூப்பர் ஷ்பார்ப்ரைஸ் என்று இரண்டு மலிவு வகை உண்டு. சூப்பர் வகையை ரத்து செய்ய முடியாது. வித்தியாசம் சில யூரோதான் என்றால் முதல் வகையை எடுங்கள். 27 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனி பான்கார்ட், அதாவது ரயில் தள்ளுபடி அட்டை, இருக்கிறது, விலையில் கால்பங்கு குறையும். அது தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தா என்பதை மட்டும் மறக்காதீர்கள். வாங்கிய அன்றே ரத்துக் கடிதத்தையும் அனுப்பி வைத்துவிடுங்கள், காலம் முடியும் வரை அட்டை வேலை செய்யும். எங்கள் குழுவில் மூன்று பேர் இதை மறந்து அடுத்த வருடத்துக்கும் பணம் கட்டினார்கள்.

குளிர்காலத்தில் ரயில் தாமதமாவது சாதாரணம். 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால், மலிவு டிக்கெட்டை அந்த ஒரே ரயிலோடு கட்டிப்போடும் நிபந்தனை விலகிவிடும், வேறு ரயிலில் ஏறலாம். போய்ச் சேர 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். மூன்று மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள். ஆனால் செமஸ்டர் டிக்கெட்டில் கொலோன் வரை போய், அங்கே தனியாக எடுத்த ஐசிஇ டிக்கெட்டில் ஏறுவது என்றால் அவை இரண்டு ஒப்பந்தங்கள். முதல் ரயில் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால் பொறுப்பு உங்களுடையதுதான். ஒரு ரயில் முன்னதாகவே கிளம்புங்கள்.

டிசம்பர் இரண்டாம் வார இறுதியில் ஐரோப்பா முழுதும் ரயில் கால அட்டவணை மாறும். 2026-இல் அது டிசம்பர் 13. முன்பே எடுத்த டிக்கெட்டின் நேரத்தை அதற்குப் பிறகு ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

5. விமானத்தில் போனால்

மலிவு விமானம் சிலவற்றில் ஐரோப்பியர் அல்லாதவர்கள் பாதுகாப்புச் சோதனைக்கு முன் கவுன்ட்டரில் ஆவணத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அந்த விதி டிக்கெட்டோடு வரும் மின்னஞ்சலில் சிறிய எழுத்தில் இருக்கும். கைப்பை அளவையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஊறுகாய், நெய், தேங்காய்ச் சட்னி எல்லாம் திரவக் கணக்கில் பிடிபடும். இட்லிப்பொடி, பருப்புப்பொடி, முறுக்குக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நண்பர் வீட்டுக்கு அதைத்தான் கொண்டுபோங்கள், அங்கே அதற்குத்தான் மதிப்பு.

6. எந்த நாளில் என்ன மூடியிருக்கும்

டிசம்பர் 24 மதியம் இரண்டு மணிக்குக் கடைகள் சாத்தப்படும். அன்று மாலையே நகரப் பேருந்துகளும் குறைந்துவிடும். 25, 26 இரண்டும் விடுமுறை. 2026-இல் 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை இங்கே கடை கிடையாது. ஆக வியாழன் மதியத்தில் மூடினால் திங்கள் காலையில்தான் திறப்பார்கள். 22-ஆம் தேதியே அரிசி, பருப்பு, பால், காய்கறி, வெங்காயம், காய்ச்சல் மாத்திரை வாங்கி வைத்துவிடுங்கள். 24 காலையில் போனால் வரிசை கதவுக்கு வெளியே நிற்கும். அப்படியும் ஏதாவது விட்டுப்போனால் பெரிய ரயில் நிலையக் கடைகளும் விமான நிலையக் கடைகளும்தான் கதி. பவேரியா, பாடன்-வூர்ட்டெம்பெர்க் பக்கம் நண்பர் இருந்தால் ஜனவரி 6-ம் அங்கே விடுமுறை.

கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க வேண்டுமென்றால் 23-க்குள் வாருங்கள். பெரும்பாலானவை அன்றோடு முடிந்துவிடும். டெல்ஃப்ட்டிலிருந்து என்னைப் பார்க்க 26-ஆம் தேதி வந்த தோழிக்கு, ஆகன் தேவாலயத்தைச் சுற்றி மரக்கடைகளைக் கழற்றி லாரியில் ஏற்றுவதைத்தான் காட்ட முடிந்தது. சந்தையில் குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பித் தந்தால் காசு வரும்.

லண்டனுக்கு விசா வாங்கிவிட்டவர்கள் கவனிக்க: டிசம்பர் 25 அன்று அங்கே ரயில், மெட்ரோ, பேருந்து எதுவும் ஓடாது. 24 மாலைக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பாரிஸில் வாராந்தரப் பாஸ் திங்களில் தொடங்கி ஞாயிறோடு முடியும். வியாழக்கிழமை போய் இறங்கி அதை வாங்கினால் நான்கே நாள்தான்.

7. நண்பர் வீட்டில்

மாணவர் விடுதியில் இத்தனை இரவுதான் விருந்தினர் தங்கலாம் என்ற விதி இருக்கும். கேட்டுவிட்டுப் போங்கள். போர்வையும் தலையணை உறையும் எடுத்துப்போனால் அவர்களுக்குப் பெரிய உதவி. மளிகைச் செலவைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். நண்பர்கள் கேட்க மாட்டார்கள், அவர்களும் நம்மைப் போல எண்ணித்தான் செலவு செய்கிறார்கள்.

8. அறையைப் பூட்டும் முன்

ஹீட்டரை முழுதாக அணைக்காதீர்கள். குமிழில் 3 என்றால் சுமார் 20 டிகிரி, பனிப்பூ குறி என்றால் குழாய் உறையாத அளவுக்கு மட்டும். ஒரு வாரம் போவதாக இருந்தால் 1-இல் விட்டுப் போங்கள். கிளம்பும் முன் பத்து நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறந்து வைத்து, பிறகு மூடுங்கள். ஈரத்துணியை அறைக்குள் காயப்போட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது சுவரில் பூஞ்சை நிற்கும், அதற்கான காசை வாடகை முன்பணத்தில் பிடிப்பார்கள்.

தபால் பெட்டிச் சாவியை விடுதியில் இருக்கும் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள். ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டைக்கான கடிதம் அந்த வாரத்தில்தான் வரும், பதில் தரக் கெடுவும் போட்டிருப்பார்கள்.

9. சேதி சொல்லும் நாள்

நாங்கள் எல்லோரும் வீடியோ காலில் கூடுவது ஜனவரி முதல் ஞாயிறு. ஜெர்மனியில் மதியம் 3 மணி என்றால் சென்னையில் இரவு 7.30, சிங்கப்பூரில் இரவு 10, டொரொன்டோவில் காலை 9. நால்வருக்கும் பொருந்தி வருவது இந்த ஒரு நேரம்தான். கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு மட்டும் காலை 6 மணி. எங்கள் கலிஃபோர்னியா நண்பன் போர்வையோடுதான் வந்து உட்காருவான்.

பேசும்போது ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். எங்கள் தாளில் நான்கே பத்திகள்: எங்கே, எந்தத் தேதியில் டிக்கெட் எடுத்தது, மொத்தம் எவ்வளவு, எங்கே மாட்டியது. போன ஜனவரியில் அதில் கடைசியாக ஏறிய வரி டெல்ஃப்ட் தோழியுடையது: "சந்தை பார்க்க 26-ஆம் தேதி போகாதீங்க." இந்த வருடம் அவள் 19-ஆம் தேதியே வருகிறாள். டிக்கெட்டை அக்டோபர் முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டாள்.